மின்னலுக்கு ஒரு கலிங்கு

ஏரிகளைக் கட்டிய நம் முன்னோர், கரையை எத்துணை உயரமாக எழுப்பினாலும் அதைக் கடக்கும் வெள்ளம் ஒன்று என்றேனும் வந்தே தீரும் என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தமையால், கரையின் ஓரிடத்தில் கலிங்கு என்ற அமைப்பைக் கட்டி, நீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறும்போது தானாகவே வழிந்து ஓடவும், மட்டம் இறங்கியதும் தானாகவே நின்றுவிடவும் வகை செய்தனர். மிகுதிக்கு முன்கூட்டியே ஒரு வழியை வகுத்து வைப்பதே கரைக்குக் காவல் என்ற அந்தத் தத்துவம், இன்று மின்சார நிலையங்களிலும், தெருமுனை டிரான்ஸ்பார்மர்களிலும், நம் வீட்டுச் சுவர்ப் பெட்டிகளிலும் வேறு பெயரோடும் வேறு உருவத்தோடும் கையாளப்பட்டு வருகிறது. அந்த வழியின் கடைக்கோடியாகிய பூமி இணைப்பு மட்டும், இவ்வளவு முக்கியமானதாக இருந்தும், எல்லாவற்றிலும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுகிறது.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தை 230 வோல்ட்டு என்று நாம் சொல்லிக்கொண்டாலும், அது ஒரே மட்டத்தில் நிற்பதன்று. வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கி, உச்சியில் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொட்டுத் திரும்புவது. கம்பியின் உறையும், மோட்டாரின் சுருளும், டிரான்ஸ்பார்மரின் எண்ணெயும் காகிதமும் இந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் பொறுக்கும்படி செய்யப்பட்டவையே. ஆனால், ஆகாயத்து மின்னலாலோ, பெரிய சுவிட்சுகளைத் திறப்பதாலும் மூடுவதாலுமோ, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகக் கூறிட்டால் வரும் சில கூறுகளுக்குள்ளாக அழுத்தம் பல ஆயிரமாகவும் பல லட்சமாகவும் எழுந்து, நாம் அறிவதற்குள் அடங்கிவிடும் சம்பவங்களும் உண்டு. இவற்றை மின்னெழுச்சி என்கிறோம். கடைத்தெருவில் 'சர்ஜ்' என்றும் 'ஸ்பைக்' என்றும் சொல்வார்கள். எழுந்து அடங்கும் காலம் எவ்வளவு சொற்பமானாலும், காப்புறையில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று விழுவதற்கு அது போதும். அந்தத் துளையின் வழியே, மின்தொடரின் சொந்த மின்னோட்டம் நுழைந்து மிச்ச வேலையை முடித்துவிடும்.

மின்னலின் கணக்கை முதலில் பார்ப்போம். சாதாரண வீச்சு ஒன்றில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும். அரிதாக 2 லட்சம் ஆம்பியரை எட்டுவதும் உண்டு. 30,000 ஆம்பியர் மேல்நிலைக் கம்பி ஒன்றின்மீது நேராக இறங்கினால் இருபக்கமும் பாதி பாதியாகப் பிரிந்தோடும். அவ்வளவு விரைவான அலைக்குக் கம்பி காட்டும் எதிர்ப்போ சுமார் 400 ஓம். 15,000 ஆம்பியரை 400 ஓமால் பெருக்கினால் கிடைப்பது 60 லட்சம் வோல்ட்டு. நாலு லட்சம் வோல்ட்டில் இயங்கும் பெருந்தொடர்களின் நீண்ட பீங்கான் சரங்களும் இதற்கு ஈடுகொடுக்க மாட்டா. கோபுரங்களின் உச்சியில், மின்சாரம் சுமக்கும் கம்பிகளுக்கெல்லாம் மேலாக, மின்சாரமே சுமக்காத ஒன்றிரண்டு கம்பிகள் ஓடுவதைப் பிரயாணத்தின்போது பார்த்திருப்பீர்கள். மின்னலைத் தம்மீது ஏற்றுக் கோபுரத்தின் வழியே பூமிக்குள் இறக்குவதற்காகவே அவை அங்கே கட்டப்பட்டிருக்கின்றன.

அவற்றையும் மீறிக் கம்பியில் ஏறிவிட்ட எழுச்சி, ஒளியின் வேகத்துக்குச் சற்றே குறைந்த வேகத்தில், வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு கூறாகிய மைக்ரோவினாடிக்கு ஏறக்குறைய 300 மீட்டராக, இரு திசையிலும் அலையாக ஓடும். வழியில் இடரின்றி ஓடிய அலை, டிரான்ஸ்பார்மரின் வாயிலை அடைந்ததும் தடுமாறுகிறது. ஏனெனில், பல நூறு சுற்றுகள் கொண்ட சுருள், விரைந்து வரும் அலைக்கு அடைத்த கதவாகவே இருக்கிறது. அங்கே மோதிய அலை திரும்புகிறது. வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், கம்பியில் ஒரு லட்சமாக வந்த அழுத்தம் சுருளின் வாயிலில் இரண்டு லட்சம் வரை எழக்கூடும். இடி விழுந்த இடம் எங்கோ இருக்க, எரிந்துபோகும் டிரான்ஸ்பார்மர் வேறெங்கோ இருப்பதன் காரணமும், எரிந்த சுருளைப் பிரித்துப் பார்க்கையில் வாயிலை ஒட்டிய முதற் சில சுற்றுகளே பெரும்பாலும் கருகியிருப்பதன் காரணமும் இதுவே.

மின்னலுக்கு வழிவகுத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டில் உதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் கூறிய யோசனைப்படி, 1752 மே 10 ஆம் தேதி, பாரிஸுக்கு அருகிலுள்ள மார்லி என்ற சிற்றூரில், உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நிறுத்தி, இடிமேகம் கடந்தபோது அதிலிருந்து தீப்பொறிகளை வாங்கிக் காட்டினர். மேகத்தின் மின்சாரமும் ஆய்வுச்சாலையின் மின்சாரமும் ஒன்றே என்பது அன்று நிரூபணமாயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், கியார்க் வில்ஹெல்ம் ரிச்மன் என்ற பேராசிரியர், மேகத்தின் மின்சாரத்தை அளந்தறியும் ஆவலால், கூரையின்மீது நிறுத்திய இரும்புக் கம்பத்திலிருந்து ஒரு கம்பியைத் தம் அறைக்குள் கொண்டுவந்தார். அளப்பதற்காக மின்சாரம் அங்கேயே தேங்கி நிற்க வேண்டும் என்று கருதி, அதைப் பூமியோடு இணைக்காமல் விட்டிருந்தார். புயல் வந்தபோது கருவியின் அருகே குனிந்து நின்ற அவருடைய நெற்றியில் பாய்ந்த மின்னல் அக்கணமே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. மார்லியில் நின்ற கம்பமும் பூமியினின்று பிரித்து நிறுத்தப்பட்டதுதான். அங்கே மின்னல் இறங்கவில்லை, அவ்வளவே. மேகத்தை நோக்கி நீட்டிய கம்பத்துக்குக் கீழ்முனை எங்கே போய்ச் சேர்கிறது என்ற வினாவே உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது என்பதை உலகம் ரிச்மனின் மரணத்திலிருந்து கற்றது. நம் ஊர்க் கட்டடங்களின் மேல் நிற்கும் இடிதாங்கிகள் அந்தப் பாடத்தின் வழித்தோன்றல்களே.

கட்டடத்துக்கு இடிதாங்கி போதும். ஆனால் மின்கம்பியின் நிலைமை அதனினும் சிக்கலானது. கட்டடத்தைப் பூமியோடு நிரந்தரமாக இணைத்துவிடலாம்; கம்பியை அவ்வாறு இணைத்தால் ஊருக்கு விளக்கு எரியாது. ஆகவே, சாதாரண காலத்தில் பூமியோடு சேராமலும், எழுச்சி வந்தபோது மாத்திரம் சேர்ந்தும் நிற்கும் ஒரு சாதனம் தேவையாயிற்று. ஆதியில் அதற்கு இரு உலோகக் கொம்புகளை எதிரெதிரே நிறுத்தி, இடையே சிறு காற்றுவெளி விட்டனர். அழுத்தம் மிகுந்தால் வெளியைத் தாண்டிப் பொறி பாய்ந்து, எழுச்சி பூமிக்குப் போய்விடும். ஆனால், எழுச்சி போன பின்னரும் பொறி அணைவதில்லை. அது திறந்துவிட்ட சூடான பாதையில் தொடரின் சொந்த மின்னோட்டம் பாயத் தொடங்கிவிடும். கொம்புகளை மேலே போகப் போக விரியும்படி அமைத்ததால், சூட்டால் மேலெழும் சுடர் நீண்டு அறுந்து சில சமயம் அணையும். அணையாதபோது தொடரையே நிறுத்த வேண்டியிருக்கும். கலிங்கு திறந்துகொள்ளக் கற்றுவிட்டது, மூடிக்கொள்ளத்தான் கற்கவில்லை.

அந்த வித்தையைக் கற்பிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் ஷெனெக்டெடி நகரத்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுச்சாலையில், சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற மேதை, 1922 ஆம் ஆண்டில் ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட செயற்கை மின்னலைத் தம் கையாலேயே உண்டாக்கிக் காப்புச் சாதனங்களைப் பரிசோதிக்கும் முறைக்கு வழிகாட்டினார். 1930 வாக்கில், அழுத்தம் குறைவாக இருக்கும்போது மின்சாரத்தை எதிர்த்தும், மிகும்போது வழிவிட்டும் நடந்துகொள்ளும் சிலிக்கன் கார்பைடு கட்டிகள் வந்தன. அவையும் காற்றுவெளியின் துணையோடுதான் வேலை செய்தன. பிறகு 1960களின் பிற்பகுதியில், ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனத்தில் மிச்சியோ மத்சுவோகாவும் அவருடைய சகாக்களும், துத்தநாக ஆக்சைடோடு பிஸ்மத் முதலிய சில உலோக ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான் வில்லைக்கு, அதுவரை வேறெதிலும் காணாத கூர்மையோடு இந்தக் குணம் அமைந்திருப்பதைக் கண்டனர்.

இந்த வில்லையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். வீட்டுச் சாதனங்களில் வைக்கப்படும் வில்லை, சுமார் 2 மில்லிமீட்டர் கனமும் ஒரு நாணயத்தின் அகலமும் உடையது. அதன் உட்புறம், மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அளவே உள்ள துத்தநாக ஆக்சைடு மணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். மணிகள் மின்சாரத்தைக் கடத்துபவையே; ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள எல்லை, தன் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு 3 வோல்ட்டுக்குச் சமீபமாக வரும் வரையில் கதவைத் திறப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்வதற்குள் இத்தகைய எல்லைகள் ஏறக்குறைய 150 குறுக்கிடுவதால், அந்த வில்லை 430 வோல்ட்டு வரையில் வாளாவிருந்து, அதற்குமேல் விழித்துக்கொள்கிறது. விழித்த பின்னர், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் மின்னோட்டம் பல பத்து மடங்காகப் பெருகி வழிந்தோடும். அழுத்தம் பழைய நிலைக்கு இறங்கிய அக்கணமே, சுடரும் இல்லாமல், பிறர் கையும் இல்லாமல், எல்லைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். எழுச்சியைப் பூமிக்குள் இறக்குவதற்காக மின்கம்பியில் இணைக்கப்படுவதும், மின்வாரியத் தொழிலாளர் 'எல்.ஏ.' என்று சுருக்கமாக அழைப்பதுமான மின்னல் அரெஸ்டரின் பீங்கான் குழலுக்குள், இதே பொருளால் ஆன தடித்த வில்லைகளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இனி, அந்த அரெஸ்டரைப் பூமியோடு இணைக்கும் கம்பிக்கு வருவோம். நேரான கம்பி ஒன்று, வீட்டுக்கு வரும் சாதாரண மின்சாரத்துக்குச் சொல்லத்தக்க தடை எதையும் தருவதில்லை. ஆயினும், மின்னோட்டம் மிக விரைவாக மாறும்போது, அந்த மாற்றத்தையே எதிர்க்கும் குணம் அதற்கு உண்டு. மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் என்ற வேகத்தில் ஓட்டம் ஏறுமானால், மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 வோல்ட்டு அந்தக் கம்பியிலேயே எழுந்து நிற்கும். 11,000 வோல்ட்டுத் தொடரின் டிரான்ஸ்பார்மர், எழுச்சியை 75,000 வோல்ட்டு வரையில் தாங்கும்படி செய்யப்பட்டது என்று கொள்வோம். அரெஸ்டர் எழுச்சியைச் சுமார் 30,000 வோல்ட்டில் நிறுத்திவிடும் என்றும் கொள்வோம். காகிதத்தில் பாதுகாப்பு தாராளமாகவே இருக்கிறது. ஆனால், அரெஸ்டரைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, அதன் கம்பியை வளைத்து வளைத்து ஐந்து மீட்டர் ஓடவிட்டு, டிரான்ஸ்பார்மரின் தொட்டியைத் தொடாமலே பூமியில் சேர்த்தால், 30,000 வோல்ட்டோடு 50,000 வோல்ட்டு கூடி, மொத்தம் 80,000 வோல்ட்டு சுருளின்மீது விழுகிறது. அரெஸ்டர் தன் கடமையைக் குறைவறச் செய்துவிட்டது, டிரான்ஸ்பார்மரோ எரிந்துவிட்டது. அரெஸ்டரை டிரான்ஸ்பார்மரின் தோளோடு தோளாக நிறுத்தி, கம்பியைக் குட்டையாகவும் நேராகவும் விட்டு, தொட்டியோடும் பிணைக்க வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கம்பி குட்டையானால் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் மண்ணும் மின்னலை ஏற்க வேண்டும். 50,000 ஆம்பியர் இறங்கும் கோபுரத்தின் அடிக்கும் பூமிக்கும் இடையே 10 ஓம் தடை இருந்தால், கோபுரம் 5 லட்சம் வோல்ட்டுக்கு உயரும்; பாறை நிலத்தில் தடை 100 ஓமாக இருந்தால், 50 லட்சத்துக்கு உயரும். அப்போது, மின்னலை ஏற்றுக்கொண்ட கோபுரத்திலிருந்தே பொறி பின்னோக்கிப் பாய்ந்து, அது காக்க வேண்டிய கம்பியின்மீதே விழுகிறது. ஈர வயலில் பிழைக்கும் அதே கோபுரம் வறண்ட பாறைமேட்டில் தோற்பது இந்தக் கணக்கினாலேயே. அத்தகைய இடங்களில் அடியிலிருந்து நீண்ட கம்பிகளை மண்ணுக்குள் பரப்பிப் புதைத்துத் தடையைக் குறைக்கிறார்கள்.

எழுச்சிக்குச் சிறிய உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதை மின்காந்த இடையூறு என்பர். 1831 இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தபடி, ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் மாறும்போதெல்லாம், அதைத் தொடாமலே பக்கத்தில் கிடக்கும் வேறொரு கம்பியிலும் மின்சாரம் எழுகிறது. டிரான்ஸ்பார்மருக்கு உயிர்கொடுக்கும் இந்த விதியே, மின்தொடருக்கு அடுத்தாற்போல் ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் ஓயாத இரைச்சலாகவும் வெளிப்பட்டது. தொலைபேசியைக் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், 1881 இல் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முறுக்கில் புகும் இரைச்சலை அடுத்த முறுக்கில் தலைகீழாகப் புகும் இரைச்சல் அழித்துவிடும். வானொலி பரவியதும் இடையூறு உலகப் பிரச்சினையாகவே, அதன் அளவுக்கு எல்லை வகுக்க 1934 இல் சர்வதேச விசேஷக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிஸ்பர் என்ற அதன் பெயரைத் தாங்கிய விதிகளே இன்றும் நம் மின்சாதனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. துணைமின் நிலையங்களில், தொடரைப் பிரித்து வைக்கும் சுவிட்சாகிய ஐசொலேட்டர் ஒன்றைத் திறக்கும்போது அதன் கத்திகளுக்கிடையே பொறி பலமுறை அணைந்தணைந்து மூண்டு, அருகில் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் பொய்ச் சமிக்ஞைகளை உண்டாக்கும். அவற்றை நம்பி, பழுது கண்டால் தொடரைத் துண்டிக்கச் செய்யும் காவல் ரிலே தவறாக வேலைசெய்தால், பழுதே இல்லாமல் ஊர் இருளும். ஆதலின் அக்கம்பிகளுக்கு உலோக உறை போர்த்தி, அந்த உறையையும் பூமியோடு இணைக்கிறார்கள்.

நம் வீட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. எல்.இ.டி. விளக்கும், செல்போன் சார்ஜரும், மடிக்கணினியின் மின்பெட்டியும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி எடுப்பவை. அந்த இரைச்சல் கம்பிவழியே வெளியேறாதிருக்க உள்ளே வடிகட்டி வைக்கப்படுகிறது. கணினித் திரையின் கம்பியில் விரற்கடை நீளத்துக்கு ஓர் உருண்டைத் தடிப்பு இருப்பதைக் காணலாம். அது ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையம். வேலைக்குரிய மின்சாரத்தை விட்டு, இரைச்சலை மட்டும் உண்டுவிடும். வடிகட்டியில் உள்ள சிறு கெபாசிட்டர்கள் இரைச்சலைச் சாதனத்தின் உலோக உடலுக்கும், அதன் வழியே பிளக்கின் மூன்றாம் முனைக்கும் அனுப்புகின்றன. மூன்றாம் முனைக்குப் பூமி இணைப்பு இல்லாத வீட்டில், மடிக்கணினியின் மேல் விரலை மெல்ல ஓட்டினால் சுரசுரவென்று ஓர் உணர்ச்சி தட்டுப்படுவதற்கு, போக வழியின்றி அங்கே நிற்கும் அந்த மின்சாரமே பெரும்பாலும் காரணம்.

ஆயினும், பூமி எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும் பொருள் என்று நம்பிவிடவும் கூடாது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி அனுப்புவோர், தங்கள் பாட்டரிகளை அறவே கழற்றிவிட்டு, புயல் கம்பியில் எழுப்பிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி பரிமாறினர். 1989 மார்ச் 13 ஆம் தேதி அத்தகைய புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தைத் தொட்டது. அங்கே நிலத்தடியில் பரந்து கிடக்கும் தொன்மையான பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாததால், மண்ணில் எழுந்த மின்னோட்டம், டிரான்ஸ்பார்மர்களின் பூமி இணைப்பு வழியாகவே மேலேறி, 7,35,000 வோல்ட்டுத் தொடர்களில் புகுந்தது. மின்னலைப்போல் சீறாமல், ஏறக்குறைய ஒரே திசையில் மெல்ல ஓடிய அந்த மின்னோட்டம் டிரான்ஸ்பார்மர்களின் இரும்பு உட்கருவைக் காந்தத்தால் நிறைத்து, தொடரின் அலையைச் சிதைக்க, அழுத்தத்தைச் சீராக வைத்திருந்த சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன. ஏறத்தாழ ஒன்றரை நிமிஷத்தில் மாகாணம் முழுவதும் இருண்டது. 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் வரையில் மின்சாரமின்றி இருந்தனர். பின்னர் அங்கே நீண்ட தொடர்களில் பெரிய கெபாசிட்டர்களை வரிசையாக இணைத்து, ஒரே திசையில் ஓடும் ஓட்டத்தை மறித்தனர்.

இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். மின்சாரத்துக்கு ஒரு பூமி, மாடியில் உள்ள ஆன்டெனாவுக்கு வேறொரு பூமி என்று தனித்தனியே அமைத்தால், அருகில் இடி விழும்போது இரண்டும் வெவ்வேறு மட்டத்துக்கு எழும். அந்த வேறுபாடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேதான் சமனாகும். எல்லாப் பூமிகளையும் ஓரிடத்தில் பிணைத்துவிட்டால் பெட்டி பிழைக்கும். மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. துத்தநாக வில்லை மைக்ரோவினாடிகளுக்காகப் படைக்கப்பட்டது. தெருவில் நியூட்ரல் அறுந்து, 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் நிமிஷக்கணக்கில் வீட்டுக்குள் வருமானால், அதன் உச்சி 560 வோல்ட்டைக் கடந்துவிடுவதால் வில்லை விழித்தபடியே நின்று சூடேறிக் கருகும். அதற்குரிய காவல், அழுத்தம் மிகுந்ததும் இணைப்பையே துண்டிக்கும் வேறு சாதனமாகும். ஸ்டெபிலைசரோ, மெல்ல ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சீர்செய்யுமேயன்றி, எழுச்சியைத் தடுக்காது. ஸ்பைக் பஸ்டர் பலகையில் உள்ள வில்லையும் ஒவ்வோர் அடிக்கும் சிறிது தேய்வதே. அதன் காவல் விளக்கு அணைந்திருந்தால், அது வெறும் பலகைதான்.

ஆகவே, விலையுயர்ந்த காப்புச் சாதனத்தை வாங்குமுன், வீட்டின் எர்த் குழியைப் பாருங்கள். கம்பி அறுந்திருக்கிறதா, இணைப்பு துருவேறியிருக்கிறதா என்று சோதித்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை எர்த் டெஸ்டரோடு அழைத்து அளக்கச் சொல்லுங்கள்; கோடையில் குழிக்கு நீர் ஊற்றுங்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் திணிக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இடி நெருங்கி வருவதற்கு முன்பே பிளக்குகளைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். காசு செலவில்லாத காப்பு அதுவே. சாதனத்தை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், மின்னலை இறுதியில் ஏற்றுக்கொள்ள வேண்டியது உங்கள் வீட்டு மண்ணில் இறங்கியிருக்கும் அந்த எர்த் கம்பிதான்.